கடித்த ஆப்பிள் ஏன் பழுப்பாகிறது?

"வெட்டி வைத்த ஆப்பிள் கொஞ்ச நேரத்தில் பழுப்பாகிவிடுகிறது. முழு ஆப்பிள் மட்டும் எப்படி வாரக்கணக்கில் தாங்குகிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கு ஒரு கலைக் கண்காட்சிதான் நினைவுக்கு வந்தது.

1966 நவம்பர், லண்டன் இண்டிகா கேலரி. ஜப்பானியக் கலைஞர் யோகோ ஓனோவின் கண்காட்சியில் ஒளி ஊடுருவும் பீடத்தின் மேல் ஒரு நிஜ ஆப்பிள். பீடத்தில் 'ஆப்பிள்' என்று பொறித்த பித்தளைத் தகடு. படைப்பே அவ்வளவுதான். அந்தப் பழம் நாளுக்கு நாள் வாடி அழுகுவதைப் பார்ப்பதும் அதில் சேர்த்தி. விலை 200 பவுண்ட் என்று பிற்பாடு சொன்ன பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜான் லென்னன், அன்று அதை எடுத்து ஒரு கடி கடித்துவிட்டார். ஓனோவுக்கு வந்ததே கோபம்! 1969-இல் இருவரும் மணமுடித்து, ஆம்ஸ்டர்டாம் ஹோட்டல் படுக்கையில் அமர்ந்தபடி உலக அமைதிக்காகக் குரல் கொடுத்தார்கள். 1945-இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் டோக்கியோ ஒரே இரவில் எரிந்தபோது ஓனோ 12 வயதுச் சிறுமி. அப்படிப்பட்டவர் ஒரு பழத்தைத் தன் போக்கில் முதிர்ந்து அழிய விட்டதே, என் கண்ணுக்கு, அமைதிக்கான வேண்டுகோளாகத் தெரிகிறது.

சரி, அந்தக் கடியில் என்ன நடந்திருக்கும்? ஆப்பிள் செல்லின் வாக்குவோல் என்ற நீர்ப்பைக்குள் பினால் சேர்மங்கள் அடைபட்டிருக்கின்றன. பாலிபினால் ஆக்சிடேஸ் என்ற நொதி, செல்லின் இன்னொரு உறுப்பான கணிகங்களுக்குள் தனியாக இருக்கிறது. நடுவே இருப்பது மெல்லிய சவ்வுகள்தான். பல் பட்டதும் அவை கிழிகின்றன. பினாலும் நொதியும் கலக்க, காற்றிலுள்ள ஆக்சிஜனும் வந்து சேர்கிறது. நொதியின் மையத்தில் இரண்டு தாமிர அயனிகள் அருகருகே உண்டு. ஆக்சிஜன் மூலக்கூறு அந்த இரண்டுக்கும் இடையில் வந்து பிடிபடுகிறது. பிடிபட்ட ஆக்சிஜன் பினாலிடமிருந்து ஹைட்ரஜனைப் பறித்து நீராகிவிட, பினால் குயினோனாக மாறுகிறது. அதற்கப்புறம் நொதியே வேண்டாம். குயினோன்கள் தாமாகவே ஒன்றோடொன்றும் பக்கத்திலுள்ள புரதங்களோடும் பிணைந்து பெரிய மூலக்கூறுகளாகின்றன. நம் கண்ணுக்குத் தெரியும் பழுப்பு அதுதான்.

இதை அழுகல் என்று சொல்வது அநியாயம். குயினோன்கள் பூஞ்சைகளுக்கு ஆகாதவை. காயத்தின் வழியே கிருமி நுழையாமல் இருக்க, உயிருள்ள திசு செய்துகொள்ளும் தற்காப்பு இது. தேயிலையைக் கசக்கும்போது நடப்பதும் இதே வேதிவினைதான். டீயின் செந்நிறம் அதிலிருந்து வருகிறது. நறுக்கிய வாழைப்பூவை மோர்த் தண்ணீரில் போடுகிறோமே, அந்தப் புளிப்பில் நொதி மந்தமாகிவிடும். எலுமிச்சைச் சாறு இன்னும் நல்லது: அதிலுள்ள வைட்டமின் சி, உருவான குயினோனையே மறுபடி பினாலாக்கிவிடும்.

'இரும்புச்சத்து இருப்பதால்தான் ஆப்பிள் கறுக்கிறது' என்று இன்னமும் பலர் சொல்கிறார்கள். 100 கிராம் ஆப்பிளில் இரும்பு சுமார் 0.1 மில்லிகிராம்தான். இங்கே வேலை பார்க்கிற உலோகம் தாமிரம். இரும்புக் கதையை நம்பி இரத்தசோகைக்கு வெறும் ஆப்பிளாகக் கொடுப்பவர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது.

முழு ஆப்பிளில் சவ்வுகள் கிழியவில்லை. மேலே மெழுகுத் தோலும் காவல் நிற்கிறது. பறித்த பின்னும் பழம் சுவாசிக்கிறது, பழுக்கவைக்கும் எத்திலீன் வாயுவை விடுகிறது. அந்த எத்திலீனே மேலும் எத்திலீனைத் தூண்டுகிறது. மாவுச்சத்து சர்க்கரையாகிறது, செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் கரைந்து சதை தளர்கிறது. இந்த ஓட்டத்தை மெதுவாக்கத்தான் குளிர்கிடங்கில் ஆக்சிஜனைக் குறைத்து வைக்கிறார்கள். விளைச்சலைப் பெருக்கும் ஆய்வுக்குத் தரும் பணத்துக்குக் குறையாமல், விளைந்ததைக் காக்கும் ஆய்வுக்கும் அரசு தர வேண்டும் என்பது என் கருத்து.

உண்மையான அழுகல் கடைசியில்தான் வருகிறது. தோலில் ஒரு சிறு கீறல் இருந்தால் போதும், பெனிசிலியம் எக்ஸ்பான்சம் என்ற நீலப் பூஞ்சை உள்ளே புகுந்துவிடும். அது சுரக்கும் பட்டுலின் நச்சு, அழுகிய இடத்தைத் தாண்டியும் சதைக்குள் பரவக்கூடியது. அதனால் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிட வேண்டாம்; முழுப் பழத்தையும் போட்டுவிடுங்கள்.