விண்முகில்

விண்மீன்களுக்கு இடையே பரந்து கிடக்கும் வாயுவும் தூசும் சேர்ந்த படலத்தை ஆங்கிலத்தில் நெபுலா என்பார்கள். தமிழில் விண்முகில்.

நெபுலா லத்தீன் சொல்; மூடுபனி, மேகம் என்று பொருள். ஜெர்மன் மொழியின் நேபல், வடமொழியின் நபஸ் எல்லாம் அதே வேரில் கிளைத்தவை. பழைய தொலைநோக்கிகளில் புள்ளியாகத் தெரியாமல் மங்கலாகத் தெரிந்த எல்லாவற்றுக்கும் இதுதான் பெயர். ஆண்ட்ரோமீடாகூட 1920-கள் வரை நெபுலாதான். அது நம் பால்வழிக்கு வெளியே உள்ள தனி விண்மீன் மண்டலம் என்று எட்வின் ஹபிள் நிறுவிய பிறகு அந்தப் பெயர் மெல்ல விலகியது.

தமிழில் ஒண்முகில் என்றும் எழுதுகிறார்கள். ஒண்மை என்றால் ஒளி. அழகான சொல்தான், ஆனால் ஓரியன் விண்மீன் கூட்டத்தில் இருக்கும் குதிரைத்தலை விண்முகில் ஒளிராத தூசு. பின்னாலிருந்து வரும் ஒளியை மறைப்பதால்தான் அதன் உருவமே தெரிகிறது. 'இருண்ட ஒண்முகில்' என்று சொல்ல வாய் வருமா? விண்முகில் என்றால் ஒளிர்வதற்கும் ஒளிராததற்கும் பொருந்தும். என் ஓட்டு அதற்கே.

சரி, வீட்டுக் கொல்லையில் கேமராவை வைத்துப் படம் எடுப்பவருக்கு இதில் என்ன இருக்கிறது? விண்முகில் என்பதற்கு முன்னால் வரும் அடைமொழியில்தான் அவருடைய இரவே அடங்கியிருக்கிறது. உமிழ் விண்முகில் தானே ஒளிர்வது. எதிரொளிப்பு விண்முகில் பக்கத்து விண்மீனின் ஒளியைச் சிதறடிப்பது.

1864-ல் வானியலாளர் வில்லியம் ஹக்கின்ஸ் லண்டனில் தன் வீட்டு ஆய்வுக்கூடத்திலிருந்து டிராகோ விண்மீன் கூட்டத்தில் உள்ள ஒரு விண்முகிலின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார். வானவில் வரவில்லை, குறிப்பிட்ட சில நிறங்களின் கோடுகள் மட்டுமே வந்தன. அது ஒளிரும் வாயு என்று அப்போது தெளிவானது. இன்று புறநகர் வானத்தில் படம் எடுக்க முடிவது இத்தகைய கோடுகளால்தான். ஹைட்ரஜனின் சிவப்பு 656 நானோமீட்டரில், ஆக்சிஜனின் நீலப்பச்சை 501 நானோமீட்டரில். இந்த இரண்டை மட்டும் விட்டு மற்றதைத் தடுக்கும் ஃபில்டரை மாட்டினால் தெருவிளக்கின் வெளிச்சத்தில் பெரும்பகுதி அடிபட்டுப் போகும். அப்புறம் தேவை பொறுமை. வானம் சுழல்வதற்கு ஏற்பத் திரும்பும் டிராக்கரில் சிறிய தொலைநோக்கியைப் பொருத்தி, சில நிமிட எக்ஸ்போஷர்களாக எடுத்துக்கொண்டே போய்க் கணினியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுக்க வேண்டும். நூறு படங்களை அடுக்கினால் இரைச்சல், அதாவது படத்தில் தாறுமாறாகத் தெரியும் புள்ளிகள், பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது.

கொல்லைப்புறத்துக்கு இதில் பழைய உரிமையும் உண்டு. ஆண்ட்ரூ ஐன்ஸ்லி காமன் தொழிலால் சுகாதாரப் பொறியாளர். 1883-ல் லண்டன் புறநகரான ஈலிங்கில், வீட்டுத் தோட்டத்தில் நிறுவிய 36 அங்குலத் தொலைநோக்கியால் ஓரியன் விண்முகிலைப் படம் எடுத்தார். கண்ணுக்கு எட்டாத விண்மீன்கள் அந்த ஒளிப்படத் தட்டில் பதிந்திருந்தன! மறு ஆண்டே ராயல் வானியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது.

தொடங்குகிறவர்களுக்கும் ஓரியன் விண்முகிலைத்தான் சொல்வேன். திருவாதிரை விண்மீன் இருக்கும் அதே கூட்டத்தில், ஓரியனின் இடைவார் எனப்படும் மூன்று விண்மீன் வரிசைக்குக் கீழே இருக்கிறது. நல்ல பிரகாசம், ஃபில்டர் இல்லாமலே பிடிபடும். கார்த்திகைக் கூட்டத்தைச் சுற்றியுள்ள நீலப் படலம் அப்படியல்ல. அது எதிரொளிப்பு விண்முகில். விண்மீன் ஒளியின் எல்லா நிறமும் அதில் கலந்திருப்பதால் இந்த ஃபில்டர் அதையும் சேர்த்தே தடுத்துவிடும். அதை நன்றாக எடுக்க ஊருக்கு வெளியே இருட்டான இடம் தேடிப் போவதுதான் வழி.