ஒரே மின்னூட்டம், 1836 மடங்கு நிறை

ஒரு எலக்ட்ரானையும் ஒரு புரோட்டானையும் ஒரே வேகத்தில், ஒரே காந்தப்புலத்துக்குள் குறுக்காகச் செலுத்துவதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் வட்டமடிக்கும். எலக்ட்ரான் போடும் வட்டத்தின் ஆரம் 1 சென்டிமீட்டர் என்றால், புரோட்டானின் வட்டத்துக்கு ஆரம் 18 மீட்டரைத் தாண்டும். சுற்றும் திசையும் எதிரெதிர். இத்தனைக்கும் காந்தப்புலம் இரண்டின் மீதும் செலுத்தும் விசை இம்மியும் மாறாத ஒரே அளவுதான். இரண்டின் மின்னூட்டமும் அளவில் சமம், குறி மட்டுமே வேறு. ஒன்று சட்டென்று வளைவதற்கும் மற்றது மெல்ல வளைவதற்கும் காரணம் நிறை.

பள்ளியில் எல்லோரும் மனப்பாடம் செய்த அட்டவணைதான் இது: புரோட்டான் +1, எலக்ட்ரான் −1, நியூட்ரான் 0. ஆனால் பக்கத்துப் பத்தியில் நிறையைப் பாருங்கள். எலக்ட்ரானை 1 என்று எடுத்துக்கொண்டால் புரோட்டான் 1836.15, நியூட்ரான் 1838.68. ஒரு பத்தியில் முழு எண்கள், அடுத்ததில் எந்த ஒழுங்குக்கும் பிடிபடாத எண்கள். என்னை விடாமல் இழுப்பது இந்த வேறுபாடுதான். மின்னூட்டத்தை எண்ணிவிடலாம்; நிறையை அளந்துதான் பார்க்க வேண்டும்.

இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்தறிவதே பெரும் பாடாக இருந்தது. 1897-இல் கேம்பிரிட்ஜில் ஜே.ஜே.தாம்சன், காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குழாயில் கேதோடு கதிரை, அதாவது எலக்ட்ரான்களின் ஓட்டத்தை, செலுத்தி, மின்புலத்தாலும் காந்தப்புலத்தாலும் அதை வளைத்துப் பார்த்தார். குழாயின் மறுமுனையில் ஒளிரும் புள்ளி எவ்வளவு நகர்கிறது என்பதுதான் அவருக்குக் கிடைத்த தகவல். அதிலிருந்து நிறைக்கும் மின்னூட்டத்துக்கும் உள்ள விகிதம் தெரிந்தது. ஹைட்ரஜன் அயனிக்கு (எலக்ட்ரானை இழந்த ஹைட்ரஜன் அணு, அதாவது புரோட்டான்) இருப்பதைவிட அது ஏறத்தாழ ஆயிரம் மடங்கு சிறிது. சரி, நிறை மிகக் குறைவா, மின்னூட்டம் மிக அதிகமா? வளைவை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது.

மின்னூட்டத்தைத் தனியே துல்லியமாக அளந்தவர் ராபர்ட் மில்லிகன். 1909-இல் சிகாகோவில் தொடங்கிய அந்தச் சோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது. இரண்டு உலோகத் தட்டுகளுக்கு நடுவே நுண்ணிய எண்ணெய்த் துளிகளைத் தெளிக்கிறார்கள். பக்கவாட்டில் ஒளி பாய்ச்சிச் சிறு தொலைநோக்கி வழியாகப் பார்த்தால், இருட்டில் நட்சத்திரம்போல ஒவ்வொரு துளியும் மின்னும். மின்சாரம் இல்லாதபோது துளி மெதுவாகக் கீழே இறங்குகிறது. அந்த வேகத்திலிருந்து அதன் எடை தெரியும். தட்டுகளுக்கு மின்னழுத்தம் கொடுத்ததும், மின்னூட்டம் பெற்றிருக்கும் அதே துளி மேலே ஏறுகிறது. அப்படி ஒரே துளியை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும்போது, திடீரென்று அது ஏறும் வேகம் மாறும். காற்றிலிருந்து மின்னூட்டம் கொண்ட ஓர் அயனி வந்து ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். அந்த மாற்றங்கள் எல்லாமே ஒரே அடிப்படை அளவின் முழு மடங்குகளாக வந்தன. ஒன்றரை மடங்கு, இரண்டேகால் மடங்கு என்ற பேச்சே இல்லை. காற்றின் பாகுநிலைக்கு (துளியின் ஓட்டத்தைத் தடுக்கும் தன்மைக்கு) அவர் எடுத்துக்கொண்ட மதிப்பு சற்றுப் பிசகியதால் விடை கொஞ்சம் குறைவாக வந்தது. இன்றைய மதிப்பு 1.602176634 × 10⁻¹⁹ கூலும். 2019 முதல் இதையே மாறா எண்ணாக நிர்ணயித்து, ஆம்பியருக்கு இதிலிருந்து வரையறை தருகிறார்கள்.

மின்னூட்டம் கைக்கு வந்ததும் தாம்சனின் விகிதத்திலிருந்து எலக்ட்ரானின் நிறையும் வந்துவிட்டது: 9.109 × 10⁻³¹ கிலோகிராம். 60 கிலோ எடையுள்ள மனிதரின் உடலில் உள்ள எலக்ட்ரான்கள் அனைத்தையும் சேர்த்தாலும் 20 கிராம் தேறாது. ஆனால் மீதி எடையில் அடங்கியிருக்கும் புரோட்டான்கள் அத்தனையின் மின்னூட்டத்தையும் ஈடுகட்டுவது அந்தச் சில கிராம்தான். அந்த ஈடு எவ்வளவு கச்சிதமானது தெரியுமா? ஒன்றுக்குப் பின் 21 சுழியங்கள் போட்ட எண்ணில் ஒரு பங்கு அளவுக்குக்கூட வித்தியாசம் தென்படவில்லை. இவ்வளவு வேறுபட்ட இரண்டு துகள்களுக்கு மின்னூட்டம் மட்டும் ஏன் இப்படிப் பொருந்துகிறது என்பதற்கு இயற்பியலில் இன்னும் முடிவான விடை இல்லை.

புரோட்டானுக்குள் போனால் மூன்று குவார்க்குகள்: 'மேல்', 'கீழ்' என்று பெயரிட்ட இருவகை நுண்துகள்கள். இரண்டு மேல் குவார்க்குகளுக்குத் தலா +2/3, ஒரு கீழ் குவார்க்குக்கு −1/3. கூட்டினால் சரியாக +1. நியூட்ரானில் மேல் ஒன்று, கீழ் இரண்டு, கூட்டினால் 0. மின்னூட்டக் கணக்கு அவ்வளவுதான். நிறையை இதேபோலக் கூட்டிப் பார்த்தால் கணக்கு உதைக்கும். மூன்று குவார்க்குகளின் நிறையும் சேர்ந்து புரோட்டான் நிறையில் ஏறத்தாழ 1 சதவீதம்தான். மீதி எல்லாம் குவார்க்குகளின் ஓட்டத்திலும், அவற்றைக் கட்டிப்போடும் வலிய விசையின் புலத்திலும் உள்ள ஆற்றல். ஐன்ஸ்டைனின் சமன்பாட்டின்படி அந்த ஆற்றல்தான் நமக்கு நிறையாகத் தெரிகிறது. அப்படியென்றால் உங்கள் உடல் எடையில் பெரும்பங்கும் கட்டுண்ட ஆற்றல்தான்.

கீழ் குவார்க் மேல் குவார்க்கைவிடச் சற்றே கனமானது. நியூட்ரான் புரோட்டானைவிட இரண்டரை எலக்ட்ரான் அளவு கூடுதல் நிறையோடு இருப்பதற்கு முக்கியக் காரணம் அது. எலக்ட்ரானை 1 கிராம் என்று கொண்டால், 1 கிலோ 836.2 கிராமுக்கும் 1 கிலோ 838.7 கிராமுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் அந்தச் சிறு மிச்சத்தால், அணுக்கருவுக்கு வெளியே தனியாக விடப்பட்ட நியூட்ரான் சராசரியாக 15 நிமிடத்துக்குள் சிதைந்து, புரோட்டானாகவும் எலக்ட்ரானாகவும் மின்னூட்டமே இல்லாத, மிக இலேசான ஓர் எதிர் நியூட்ரினோவாகவும் பிரிகிறது. சிதைவதற்கு முன் மின்னூட்டம் 0. சிதைந்த பின் +1, −1, 0. கூட்டினால் மறுபடியும் 0. கூடுதலாக இருந்த இரண்டரைப் பங்கு நிறையில் ஒரு பங்கு புதிய எலக்ட்ரானாகிறது. மற்ற ஒன்றரைப் பங்கு, பிரிந்து பறக்கும் துகள்களின் இயக்க ஆற்றலாக மாறிவிடுகிறது.