ஸ்டிமுலன்ட்: தாற்றுக்கோலா, தூண்டுகோலா?

ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறை மிகையியக்கக் குறைபாடு உள்ள குழந்தைக்கு ‘ஸ்டிமுலன்ட்’ வகை மருந்து தரலாம் என்று மருத்துவர் சொல்லும்போது, ஏற்கெனவே ஓரிடத்தில் நில்லாத பிள்ளையை இன்னும் கிளப்பிவிடவா என்று பெற்றோர் திகைக்கிறார்கள். அத்திகைப்பில் பாதி அந்தச் சொல்லால் வருவது.

இலத்தீனில் ‘ஸ்டிமுலுஸ்’ என்பது மாட்டைக் குத்தி ஓட்டும் கூர்முனைக் கோல். நம் தாற்றுக்கோல், பேச்சுவழக்கில் தார்க்குச்சி. குத்தி விரட்டுதல் என்ற பொருளின் நிழல் இன்றும் அச்சொல்லை விட்டு அகலவில்லை.

தமிழில் இதனை ‘ஊக்கமருந்து’ என எழுதுவோர் உண்டு. ஆனால் செய்தித்தாள்களில் அச்சொல் விளையாட்டுப் போட்டிகளில் நடக்கும் முறைகேட்டுக்கு உரியதாக நிலைத்துவிட்டதால், சிகிச்சை பெறும் குழந்தையின் மீது அது வீண்பழியைச் சுமத்திவிடும். ஆகவே அச்சொல்லை நான் கடுமையாகவே மறுக்கிறேன். ‘கிளர்வூட்டி’யோ பெற்றோரின் அச்சத்தை உறுதிப்படுத்துகிறது. ‘தூண்டுமருந்து’ என்பதே பொருத்தம். தூண்டுகோல் என்பது விளக்கின் திரியை ஏற்றிவிடும் சிறு கோல். சுடர்விளக்காயினும் தூண்டுகோல் வேண்டும் என்பது பழமொழி.

மருந்தின் வேலையும் ஏறத்தாழ இதுவே. இவ்வகை மருந்தான மெத்தில்ஃபெனிடேட், நரம்பணுக்களிடையே சுரக்கும் டோபமின், நாரட்ரினலின் என்னும் வேதிப்பொருள்கள் மீண்டும் உள்ளிழுக்கப்படுவதைத் தடுத்து, கவனத்தையும் தன்னடக்கத்தையும் ஆளும் முன்மூளைப் பகுதியில் அவற்றின் அளவை உயர்த்துகிறது. அடக்கி ஆளும் பகுதி சுடர்விடுவதால் துறுதுறுப்பு தணிகிறது. 1937-இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பிராட்லி, பென்செட்ரின் என்னும் தூண்டுமருந்தைப் பெற்ற குழந்தைகளிற் பலர் அமைதியடைந்து பாடத்தில் ஈடுபட்டதைக் கண்டு வியந்து பதிவு செய்தார். மெத்தில்ஃபெனிடேட்டை 1944-இல் உருவாக்கிய லியாண்ட்ரோ பனிசோனின் மனைவி ரீட்டாவின் பெயரே ‘ரிட்டலின்’ என்ற வணிகப் பெயரில் வாழ்கிறது.

திரியை மிகுதியாகத் தூண்டினால் புகையும். பசி குறையலாம், உறக்கம் தள்ளிப்போகலாம், நாடித்துடிப்பு சற்று உயரலாம். ஆகவே மருத்துவர் சிறிய அளவில் தொடங்கி, எடையையும் உயரத்தையும் இரத்த அழுத்தத்தையும் அவ்வப்போது பார்த்தபடியே அளவைக் கூட்டுகிறார்.

இதே குறைபாட்டுக்குத் தரப்பட்டாலும் தூண்டுமருந்து வகையில் சேராத அட்டமாக்சிட்டின் போன்ற மருந்துகளை ‘நான்-ஸ்டிமுலன்ட்’ என்பர். அவை நாள்தோறும் உட்கொள்ளப்பட்டு, சில வாரங்களில்தான் முழுப்பயனைத் தருபவை. எண்ணெய் வற்றாது நின்றெரியும் விளக்கைத் ‘தூண்டாவிளக்கு’ என்று தமிழ் முன்பே அழைத்திருப்பதால், இவற்றைத் ‘தூண்டாமருந்து’ என்பதில் எனக்குத் தயக்கமில்லை.