கட்டி தெரிந்தும் ஏன் காட்டுவதில்லை?

மார்பில் கட்டி தெரிந்தும் கல்லூரிப் பெண்கள் டாக்டரிடம் காட்டத் தயங்குவது ஏன்? பதிலை ஒரு பழைய காசநோய் ஆய்விலிருந்து தொடங்கலாம். 1950-களில் அமெரிக்காவில் காசநோயைக் கண்டறிய ஊர் ஊராக இலவச எக்ஸ்ரே எடுத்தார்கள். அப்படியும் பலர் போகவில்லை. ஏன் என்று தேடிய சமூக உளவியலாளர் காட்ஃப்ரே ஹாக்பாம், 3 நகரங்களில் 1,200-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டார். ‘எனக்கும் வரலாம்’, ‘முன்பே கண்டுபிடித்தால் நல்லது’ என்ற இரண்டையும் நம்பியவர்களில் 82 சதவீதம் பேர் எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். இரண்டையும் நம்பாதவர்களில் 21 சதவீதம் பேர்தான்.

இந்த ஆய்வுகளிலிருந்து உருவானதுதான் ‘உடல்நல நம்பிக்கை மாதிரி’. நோய் நமக்கு வருமா, வந்தால் எவ்வளவு மோசம், பரிசோதனையால் என்ன பலன், அதற்கு என்ன தடை என்று மனசு போடும் கணக்கைத்தான் அது விளக்குகிறது. ‘என்னால் சரியாகச் செய்ய முடியும்’ என்ற தன்னம்பிக்கை பிற்பாடு சேர்ந்தது. மார்பகப் புற்றுநோய் பற்றிய நம்பிக்கைகளை அளக்க 1984-இல் அமெரிக்கச் செவிலியல் ஆய்வாளர் விக்டோரியா சாம்பியன் உருவாக்கிய கேள்வித்தாளைத்தான் பல நாடுகளின் பல்கலைக்கழகங்களில் மாணவிகளிடம் கொடுக்கிறார்கள்.

கல்லூரிப் பெண்ணின் கணக்கைப் பாருங்கள். நோய் கொடியது என்று அவளுக்குத் தெரியும். ‘இந்த வயதில் எனக்கு வராது’ என்று நினைக்கிறாள். அது பெரும்பாலும் சரியும்கூட. ஆனால் தடைகள் ஏராளம். வெட்கம், நாலு பேர் தங்கும் ஹாஸ்டல் அறை, ஆண் டாக்டராக இருந்தால் என்ன செய்வது என்ற தயக்கம், விஷயம் வெளியே தெரிந்தால் கல்யாணப் பேச்சு கெடுமோ என்ற பயம். இயல்பான மார்பகமே தடவினால் மேடுபள்ளமாகத்தான் இருக்கும், மாதவிடாய்க்கு முன் வீங்கி வலிக்கவும் செய்யும். எது கட்டி என்று அவள் எப்படி நம்பிக்கையோடு சொல்வாள்?

அப்படியானால் மாதாமாதம் தன் மார்பகத்தைத் தானே தடவிச் சோதிக்கப் பழக்கினால் போதுமா? சீனாவின் ஷாங்காயில் 1989 முதல் 2,66,064 ஜவுளி ஆலைப் பெண்களை வைத்துப் பெரிய சோதனை நடந்தது. பாதிப் பேருக்குச் சுயபரிசோதனை கற்றுக்கொடுத்துத் தொடர்ந்து நினைவூட்டினார்கள். சுமார் 10 ஆண்டுகளில் அந்தப் பிரிவில் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் 135 பேர். கற்றுக்கொடுக்காத பிரிவில் 131 பேர். உயிர் பிழைப்பதில் வித்தியாசமே இல்லை. புற்றுநோயல்லாத கட்டிகள்தான் கூடுதலாகக் கண்ணில் பட்டன, அவற்றுக்காகத் திசுப் பரிசோதனைகளும் அதிகமாயின.

அதனால் மாணவிகளை மாதாந்தரச் சடங்குக்குப் பயமுறுத்திப் பழக்குவதை நான் ஏற்கவில்லை. தன் உடல் இயல்பாக எப்படி இருக்கும் என்று தெரிந்திருப்பதும், மாறினால் வெட்கப்படாமல் காட்டுவதும்தான் முக்கியம். தடைகளைக் குறைப்பதில்தான் கல்லூரிகள் வேலை செய்ய வேண்டும். பெண் மருத்துவர் வரும் ஒரு நாள், கதவு சாத்திய ஓர் அறை, இரண்டும் பத்து போஸ்டர்களுக்கு மேல்.

இருபது வயதில் தென்படும் கட்டிகளில் பெரும்பாலானவை ஃபைப்ரோஅடினோமா போன்ற ஆபத்தில்லாதவை. விரல் பட்டால் நழுவும். இளவயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் மருத்துவர் பொதுவாக முதலில் எழுதித் தருவது மாமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே அல்ல, அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். மார்பிலோ அக்குளிலோ புதிதாகக் கட்டி, உள்ளிழுத்த காம்பு, காம்பிலிருந்து ரத்தக் கசிவு, ஆரஞ்சுத் தோல் போலக் குழிவிழுந்த சருமம் என்று எதைக் கண்டாலும் காட்டிவிடுங்கள். வலி இல்லையே என்று விட்டுவிடாதீர்கள், புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை.

குடும்பத்தில் யாருக்காவது இளவயதிலேயே மார்பக அல்லது சினைப்பைப் புற்றுநோய் வந்திருந்தால், அதை மருத்துவரிடம் இப்போதே சொல்லிவிட வேண்டும். இந்தப் புற்றுநோய்கள் வரும் வாய்ப்பைக் கூட்டும் பிஆர்சிஏ (BRCA) மரபணுக் கோளாறு அப்பா வழியிலும் வரும். அம்மா, சித்தியோடு நிறுத்திவிடாமல், அத்தைகளைப் பற்றியும் அப்பாவைப் பெற்ற பாட்டியைப் பற்றியும் வீட்டில் கேளுங்கள்.