அப்பாவின் காதும் இரண்டு கார்புரேட்டரும்

டிங்கரிங் வேலை செய்பவர்கள் யாரும் "காது கேட்கவில்லை" என்று தானாக என் கிளினிக்குக்கு வந்ததில்லை. வீட்டம்மாதான் இழுத்து வருவார். "டிவி சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்குது மேடம். நான் ஒண்ணு சொன்னா இவரு ஒண்ணு சொல்றாரு." அவர் பக்கத்தில் நின்று சிரிப்பார். "இவ வாய்க்குள்ளயே பேசுறா மேடம், வேற ஒண்ணுமில்ல." கிருஷ்ணகிரியில் பதினேழு வருடமாகச் செவித்திறன் பரிசோதனை செய்கிறேன். இந்தப் பேச்சை நான் முதலில் கேட்டது கிளினிக்கில் அல்ல, எங்கள் வீட்டுக் கூடத்தில்.

அப்பா ரேஸ் கார் கட்டியவர். சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் நடந்த காலம் அது. இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் தனித் தடம் வரும்வரை மெட்ராஸ்காரர்களுக்குப் பந்தயம் என்றால் சோழவரம்தான். வெளிநாட்டுக் கார் இறக்கக் காசு இருந்தவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் ஃபியட், ஹெரால்டு, அம்பாசடர் என்று கையில் கிடைத்த இன்ஜினை எடுத்து, குழாயை வளைத்து சேஸிஸ் பற்றவைத்து, மேலே அலுமினியத் தகட்டில் பாடி அடித்து ஓட்டினார்கள். அந்தப் பாடிகளை அடித்த கைகளில் அப்பாவுடையதும் ஒன்று. மெட்ராஸ் பட்டறையில் தொழில் பழகி, அப்புறம் ஊருக்குத் திரும்பி பெங்களூர் ரோட்டில் ஷெட் போட்டார். பந்தயக் காலம் முடிந்த பிறகும் பழைய ரேஸ் கார் வைத்திருந்தவர்கள் தேடி வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

அவர் தகடு இளக்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அலுமினியம் இரும்பு மாதிரி சிவந்து காட்டாது. சும்மா இருப்பது போலிருந்து திடீரென்று உருகி ஓட்டை விழுந்துவிடும். அதனால் தகட்டின் மேல் பார் சோப்பால் கோடு இழுப்பார். மறுபக்கம் கேஸ் தீ. சோப்புக் கோடு பழுப்பாகிக் கறுக்கிற நேரம் பார்த்துத் தீயை விலக்க வேண்டும். தெர்மாமீட்டர் எல்லாம் கிடையாது, துணி சோப்புதான். ஆறியதும் மணல் மூட்டை மேல் வைத்து மரச்சுத்தியால் குழிப்பார். அடிக்க அடிக்கத் தகடு இறுகும். மறுபடி சோப்பு, மறுபடி தீ.

மரச்சுத்திக்குச் சத்தம் குறைவு. காதைப் பிளப்பது அடுத்த கட்டம். தகட்டுக்கு அடியில் டாலி என்கிற இரும்புக் கட்டியைப் பிடித்துக்கொண்டு, மேலே இரும்புச் சுத்தியால் தட்டித் தட்டி மேடு பள்ளத்தைச் சமன் செய்வார். ஒரு பானட்டுக்கு ஆயிரக்கணக்கில் தட்டு. நாங்கள் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவோம். அப்பா பீடியைக் காதில் செருகிக்கொண்டு தட்டுவார். அவர் காதுக்குக் கொடுத்த பாதுகாப்பு அந்த ஒரு பீடிதான்.

எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல் வரை போகலாம் என்பது பொதுவான கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் காது தாங்கும் நேரம் பாதியாகும்: 88-க்கு நான்கு மணி நேரம், 94-க்கு ஒரு மணி, 100-க்கு வெறும் கால் மணி. தகட்டில் விழும் இரும்புச் சுத்தி 100-ஐச் சர்வசாதாரணமாகத் தாண்டும். உள்காதில் இருக்கும் மயிரணுக்கள் ஒருமுறை செத்தால் செத்ததுதான், திரும்ப முளைக்காது. முதலில் போவது 4000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது கீச்சுச் சத்தங்கள். அடித்தொண்டைச் சத்தம் நன்றாகவே கேட்கும். அதனால்தான் "கேக்குது, ஆனா புரியல" என்கிறார்கள். காசு கேட்டால் காதைத் தொட்டுக் காட்டுவார் அப்பா. 'சு'வும் 'து'வும் ஒன்றாகிவிட்டன. நாங்கள் அதை நக்கல் என்று நினைத்தோம்.

படிக்கும்போது பயிற்சிக்காக அவரை உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினேன். வரைபடம் நேராக வந்து 4000-ல் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கி, 8000-ல் கொஞ்சம் ஏறியது. இரைச்சலில் கெட்ட காதுக்குப் பாடப்புத்தகத்தில் போட்டிருந்த அதே படம். எனக்கு வாய் வரவில்லை. அவரோ, "பாஸா கண்ணு?" என்று கேட்டார்.

பட்டறைக்காரர்களுக்கு நான் சொல்வது இதுதான். வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் காதில் 'ங்ங்' என்று ரீங்காரம் கேட்டு, விடிந்தால் சரியாகிறதா? சரியாகிவிட்டதே என்று விடாதீர்கள், அதுதான் முதல் எச்சரிக்கை மணி. கை எட்டும் தூரத்தில் நிற்கும் ஆளிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இடத்தில் சத்தம் அளவுக்கு மேல்தான், மீட்டர் தேவையில்லை. காதில் பஞ்சு வைப்பது ஏறக்குறைய வைக்காததற்குச் சமம். ஃபோம் பிளக்கை விரலில் உருட்டி ஒல்லியாக்கி, மற்றக் கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துச் செருகி, விரியும்வரை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். பாதிப் பேர் இழுப்பதில்லை. பிளக் வாசலிலேயே தொங்கும். பெயின்ட் அடிப்பவர்களுக்கு இன்னொன்று: தின்னரில் இருக்கும் டொலுயீன் போன்ற ரசாயனங்களின் ஆவி மூச்சில் போனாலும் காதைக் கெடுக்கும், சத்தத்தோடு சேர்ந்தால் இன்னும் வேகமாக. காதுக்கும் மூக்குக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிக்கிறார்கள்.

இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, சட்டப்படி அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக இருக்கிறது. ஓசூர் பக்கம் பெரிய கம்பெனி ஆட்கள் ஆடியோகிராம், அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடத் தாளோடு வருகிறார்கள். மூன்று பேர் வேலை செய்யும் டிங்கரிங் ஷெட்டுக்கும், சின்ன கிரானைட் பாலிஷ் பட்டறைக்கும் அந்தத் தாள் வருவதே இல்லை. பையன்கள் பதினெட்டு வயதில் சேருகிறார்கள். முப்பதில் என்னிடம் வருகிறார்கள்.

அப்பாவுக்குக் காது மெஷின் வாங்கிக் கொடுத்தேன். ஷெட்டில் போட்டால் சுத்தி மண்டைக்குள் இறங்குகிறது என்று கழற்றி பனியன் பையில் வைத்துக்கொண்டார். அதுவும் நியாயம்தான்.

கடைசியாக ஒரு பழைய ரேஸ் கார் வந்தது. அம்பாசடரின் 1489 சி.சி. இன்ஜின், காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்குள் அனுப்ப இரண்டு எஸ்.யூ. கம்பெனி கார்புரேட்டர். எம்.ஜி.ஏ. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் இதே குடும்பத்து இன்ஜின் அப்படித்தான் ஓடியது. இரண்டும் ஒரே அளவு காற்று இழுக்க வேண்டும். அதற்கு ஒரு ரப்பர் குழாய்; ஒரு முனை கார்புரேட்டர் வாயில், மறுமுனை காதில். உஸ்ஸென்ற சீறல் இரண்டிலும் ஒன்றாகும் வரை திருக வேண்டும். அந்தச் சீறல் முழுக்க மேல்ஸ்தாயி, அவர் காதில் செத்துப்போன இடம். காலையிலிருந்து திருகினார். கார்புரேட்டர் தேய்ந்துவிட்டது என்றார், கேஸ்கெட் சரியில்லை என்றார். உதவிக்கு இருந்த பையன் என்னைப் பார்த்தான். மேஸ்திரியிடம் எப்படிச் சொல்வது?

நான் போய்க் குழாயை வாங்கி என் காதில் வைத்தேன். முன்பக்கத்தது தூக்கலாக இருந்தது. கத்திச் சொல்லலாம் என்று வாயெடுத்தால், இன்ஜின் சத்தத்தில் அதுவும் அவருக்குக் கேட்கப்போவதில்லை. அவர் ஸ்க்ரூவில் திருப்புளியை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். உதட்டைச் சுழித்தேன், கொஞ்சம் திருகினார். குழாயை மாற்றி வைத்தேன், இன்னும் கொஞ்சம். இரண்டும் ஒன்றானபோது நான் தலையாட்டவில்லை. அவரே கையை எடுத்துவிட்டார்.