ஏரிப் படகு கடலுக்குப் போனால்

பாலாற்றில் படகு என்றால் வேலூர்க்காரர்கள் சிரிப்பார்கள். வருடத்தில் பெரும்பாலான நாள் அங்கே மணல்தான். 2021 நவம்பரில் நடந்ததுபோல எப்போதாவதுதான் இரு கரையும் தொட்டு ஓடும். ஆனாலும் பழைய வட ஆற்காட்டில் படகே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஏலகிரியில் புங்கனூர் ஏரியில் சவாரிப் படகுகள் உண்டு. அரக்கோணத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-ஆவது பட்டாலியன் இருக்கிறது. புயல் சின்னம் உருவானதும் அங்கிருந்து வீரர்கள் ரப்பர் படகுகளோடு கடலோர மாவட்டங்களுக்குக் கிளம்பும் செய்தியை ஒவ்வொரு மழைக்காலத்திலும் படிக்கிறோம்.

ஏரியிலேயே வருடக்கணக்கில் ஓடிய ஒரு மோட்டார் படகை எடுத்துக்கொள்வோம். பளபளவென்று இருக்கிறது. அதை டிரெய்லரில் ஏற்றி, ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னைக்குத் தெற்கே கோவளம் பக்கம் கடலில் ஓட்டிவிட்டு ஊருக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறோம். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் திருகாணிகளின் தலையில் பழுப்புக் கறை, எஞ்சினின் அலுமினிய உடம்பில் வெள்ளை மாவு, ஒயர் முனைகளில் பச்சை. ஏரியில் அத்தனை வருடம் வராத கேடு ஒரே நாளில் வந்தது எப்படி?

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. ஆர்.ஓ. மிஷின் விற்க வருகிறவர் டம்ளரில் முக்கிக் காட்டும் டி.டி.எஸ். கணக்கில் (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம்) சொன்னால் 35,000. குடிநீருக்கு இந்தியத் தர அளவு 500, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை. இதில் ஒரு வேடிக்கை, அந்த மீட்டர் உப்பை நேரடியாக அளப்பதே இல்லை. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு சுலபமாக ஓடுகிறது என்று அளந்து, அதிலிருந்து உப்பை ஊகிக்கிறது. நம் கதைக்கு வேண்டியதும் அதுதான். நல்ல குடிநீரைவிட நூறு மடங்குக்கு மேல் மின்சாரத்தைக் கடத்துகிறது கடல்நீர்.

இரண்டு வெவ்வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, ஒரே தண்ணீரில் நனைந்தால் அங்கே ஒரு பேட்டரி உருவாகிவிடும். அலுமினியமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் சேர்ந்தால் அரை வோல்ட்டுக்கு மேல். படகு முழுக்க இப்படிப்பட்ட ஜோடிகள்தான்: அலுமினிய எஞ்சினில் ஸ்டெயின்லெஸ் போல்ட், வெண்கல வால்வில் இரும்புக் கிளிப். ஏரியிலும் இந்த பேட்டரிகள் இருந்தன. தண்ணீர் சரியாகக் கடத்தாததால் மின்னோட்டம் துளித்துளியாகத்தான் ஓடியது. கடலில் இறக்கியதும் வழி திறந்துவிடுகிறது. ஓடும் ஒவ்வொரு துளி மின்சாரத்துக்கும் ஜோடியில் பலவீனமான உலோகம் தன்னைக் கரைத்து விலை கொடுக்கிறது.

இதை முதலில் பட்டுத் தெரிந்துகொண்டது பிரிட்டிஷ் கடற்படை. 1761-இல் 'அலாரம்' என்ற போர்க்கப்பலின் மரத்தாலான அடிப்பாகத்துக்குச் செம்புத் தகடு போர்த்தினார்கள். கப்பல் புழு துளைக்கக் கூடாது, சிப்பி ஒட்டக் கூடாது என்று. மேற்கிந்தியக் கடல்களில் சுற்றிவிட்டு வந்த கப்பலை 1763-இல் ஆராய்ந்தபோது செம்பு நன்றாக இருந்தது, அதைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் கரைந்து போயிருந்தன. ஆனால் எல்லா ஆணிகளும் இல்லை. செம்புத் தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதம் சில இடங்களில் கிழிக்கப்படாமல் ஆணிக்கும் தகட்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருந்தது. அந்த ஆணிகள் மட்டும் பிழைத்திருந்தன. இத்தாலிய விஞ்ஞானி வோல்ட்டா தன் மின்கலத்தைச் செய்தது 1800-இல். காரணம் புரிவதற்கு முன்பே கப்பலை ஆராய்ந்தவர்களின் அறிக்கை பாடத்தைச் சொல்லிவிட்டது: இரண்டு உலோகமும் தொடாமல் பார்த்துக்கொள்.

அந்தக் கப்பலில் இன்னொரு பாடமும் இருக்கிறது. செம்பு பரந்து கிடந்தது, இரும்பு சின்னச்சின்ன ஆணி. வலிமையான உலோகம் பெரிதாகவும் பலவீனமானது சிறிதாகவும் இருந்தால் மொத்தத் தாக்குதலும் அந்தச் சின்ன இடத்தில் குவியும். அதனால்தான் பெரிய ஸ்டெயின்லெஸ் தகட்டில் அலுமினிய ரிவெட் அடிப்பது மோசமான வேலை. கடலுக்குக் கிளம்புமுன் படகை ஒருமுறை சுற்றிவந்து பார்க்கவேண்டியது இந்த ஜோடிகளைத்தான். கழற்ற முடிந்த இடத்தில் நைலான் வாஷர் போடலாம், போல்ட்டின் மரையில் கடல்வேலைக்கான கிரீஸோ சீலண்டோ தடவலாம். எல்லாம் அந்தப் பழுப்புக் காகிதத்தின் பேரப்பிள்ளைகள்.

சரி, எல்லா ஜோடியையும் பிரிக்க முடியாது. எஞ்சினைப் பிரித்தால் அது எஞ்சினாக இருக்காது. இங்கேதான் ஜிங்க், அதாவது துத்தநாகக் கட்டி வருகிறது. 1824-இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி, செம்புத் தகட்டோடு துத்தநாகத்தையோ இரும்பையோ சேர்த்துவைத்தால், அந்தக் கட்டி கரைந்து செம்பைக் காப்பாற்றும் என்று காட்டினார். 'சமராங்' என்ற கப்பலில் பொருத்தினார்கள். செம்பு ஒரு கீறல் இல்லாமல் வந்தது. கூடவே அடிப்பாகம் முழுக்கச் சிப்பியும் பாசியும் மண்டி வந்தது. செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து நஞ்சாக இருந்ததால்தான் அதுவரை எதுவும் ஒட்டாமல் இருந்தது. டேவி அந்தக் கரைதலையே நிறுத்திவிட்டார்! கடற்படை அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. ஆனால் இரும்பு, அலுமினியப் படகுகளுக்கு அவர் சொன்ன வழிதான் இன்றைக்கும்.

ஏரிப் படகில் இந்தக் கட்டி ஏற்கெனவே இருக்கலாம், ஆனால் தப்பான உலோகத்தில். நன்னீருக்குப் பொதுவாக மக்னீசியம் போடுவார்கள். சரியாகக் கடத்தாத தண்ணீரிலும் வேலை செய்யுமளவுக்கு அதற்கு வேகம் உண்டு. அதே வேகம் கடலில் ஆபத்து. மளமளவென்று கரைந்து தீர்ந்துவிடும். அதற்குள் அலுமினியத்தின் மேல் அளவுக்கு மீறிய மின்னோட்டத்தைச் செலுத்தி, அங்கே காரத்தன்மையை உண்டாக்கி, பெயின்டைக் கொப்புளிக்க வைக்கும். கடலுக்குத் துத்தநாகம் அல்லது இதற்கென்றே செய்த அலுமினியக் கலவை வேண்டும். துத்தநாகத்தை அப்படியே ஏரிக்குக் கொண்டுவந்தால் மேலே ஒரு பொருக்கு கட்டி, தூங்கிவிடும். இன்றைக்கு ஏரி, நாளைக்கு முட்டுக்காடு போன்ற கழிமுகம், அப்புறம் கடல் என்று சுற்றுகிற படகுக்கு என் ஓட்டு அலுமினியக் கலவைக்குத்தான். எதைப் போட்டாலும் கீழே உலோகம் தெரியச் சுரண்டிவிட்டுப் பொருத்த வேண்டும். அழகுக்காக அதன்மேல் பெயின்ட் அடித்துவிட்டால் பொருத்தியதும் பொருத்தாததும் ஒன்று.

பேட்டரிக் கதை பாதிதான். ஜோடியே இல்லாத தனி உலோகத்தையும் உப்பு தாக்குகிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதன் மேலிருக்கும் குரோமிய ஆக்சைடுத் தோல். அலுமினியத்துக்கும் இப்படி ஒரு தோல் உண்டு. கண்ணுக்குத் தெரியாத மெல்லிசு. கீறினால் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து தானே வளர்ந்துகொள்ளும். உப்பிலுள்ள குளோரைடு இந்தத் தோலில் பலவீனமான இடம் பார்த்து ஓட்டை போடும். ஓட்டைக்குள் ஆக்ஸிஜன் சரியாகப் போகாததால் தோல் மறுபடி வளராது. உள்ளே அமிலம் சேரும், அமிலம் இன்னும் குளோரைடை இழுக்கும். வெளியே குண்டூசி முனையளவு புள்ளி, உள்ளே குகை. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் பதனிடும் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பச்சைத் தோலை உப்புப் போட்டுத்தான் வைப்பார்கள். அந்த உப்பு படிந்த தகரத்தையும் கம்பியையும் என்ன செய்யும் என்று அவர்கள் பார்த்திருப்பார்கள். கடையில் கிடைக்கும் 304 ரக ஸ்டெயின்லெஸ் இந்த ஓட்டைக்கு எளிதாக இடம் கொடுக்கும். 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்த்த 316 ரகம் நன்றாகத் தாங்கும். போல்ட் வாங்கும்போது இந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள், காந்தத்தை வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. இரண்டுமே பெரும்பாலும் ஒட்டாது.

ஃபைபர் உடம்பைப் பற்றிக் கவலை வேண்டாம். ஃபைபர் படகின் தோலுக்கடியில் நீர் ஊறி வரும் கொப்புளங்கள் நன்னீரில்தான் அதிகம், கடலில் குறைவு. சிப்பி ஒட்டாமலிருக்கப் பெயின்ட் அடிக்கவேண்டுமா என்று கேட்பார்கள். வாரக்கணக்கில் தண்ணீரிலேயே கட்டிவைத்தால் வேண்டும். சாயங்காலமே மேலே ஏற்றிவிடுகிற படகுக்கு வீண் செலவு.

டிரெய்லரை மறந்துவிடுவார்கள். வேலூரிலிருந்து 140 கிலோமீட்டர் போல ஓடி வந்த சக்கரத்தின் பேரிங் சூடாக இருக்கும். வந்த கையோடு அதைத் தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று திடீரெனச் சுருங்கி, சீல் வழியாகக் கடல்நீரை உறிஞ்சிக்கொள்ளும். முதலில் ஒரு டீ குடித்துவிட்டு, ஆறிய பிறகு இறக்குவது நல்லது.

இனி கழுவும் வேலை. கடலில் ஓடுகிற அந்தச் சில மணி நேரம் படகு வாழ்க்கையில் பெரிய விஷயமில்லை. அதன்பிறகு ஒட்டிக்கொண்டு வருகிற உப்புதான் வாரக்கணக்கில் வேலை செய்கிறது. 'வேலூர் வெயிலில் இரண்டு நாள் காய்ந்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்று தோன்றும். சரியாகாது. வெயில் தண்ணீரைத்தான் எடுக்கும், உப்பை விட்டுவிடும். அந்த உப்போ காய்ந்தபடியே இருக்காது. சுத்தமான சாப்பாட்டு உப்பு காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீர்விட்டுக் கரையும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீதமே போதும். மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடியின் அடியில் தண்ணீர் நிற்பது இதனால்தான். கத்திரி வெயில் மதியத்தில் காற்று அந்த அளவுக்கு வறண்டாலும் ராத்திரி ஈரம் ஏறிவிடும். ஆக, ஷெட்டில் நிற்கும் படகின் இடுக்குகளில் தினமும் ஒரு துளிக் கடல் புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கிறது. கூடவே நம் ஊர்ச் சூடு. சூடு ஏற ஏற அரிப்பின் வேகமும் ஏறும்.

ஆகவே உப்பு காய்வதற்கு முன்பே, முடிந்தால் கடற்கரையிலேயே, நன்னீர் விட வேண்டும். இதற்குக் கைவசம் இருக்கும் சுலபமான ஆசை ஹைவேயில் வாட்டர் சர்வீஸ் கடையில் நிறுத்திப் பீய்ச்சி அடிப்பது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் 350 கிராமுக்கு மேல் உப்பைக் கரைக்கும். உப்பைப் பெயர்க்க அழுத்தம் தேவையே இல்லை. அந்த வேகம் உப்புநீரைச் சீலுக்கும் ஒயர் மூட்டுக்கும் உள்ளே தள்ளத்தான் உதவும். சாதாரண ஹோஸில், நிறையத் தண்ணீரை, நிதானமாக ஓடவிடுங்கள். டிரெய்லரின் பெட்டிக் குழாய்களுக்குள்ளும் விடவேண்டும். போர் தண்ணீர் கொஞ்சம் உவர்ப்பாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். டி.டி.எஸ். 2,000 இருந்தாலும் கடலில் பதினேழில் ஒரு பங்குதான். கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு குடம் நல்ல தண்ணீர் இருந்தால் போதும்.

எஞ்சின் கதை வேறு. படகின் பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போர்டு எஞ்சின், படகு மிதக்கும் தண்ணீரையே உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. ஓடும்போது உப்பு நீரோடு போய்விடும். நிறுத்தியதும் உள்ளே தங்கிய நீர் சூட்டில் ஆவியாகி, குறுகலான வழிகளில் உப்பு உறைந்துவிடும். இப்படிச் சில தடவை நடந்தால் வழி அடைத்து எஞ்சின் சூடேறும். அதனால் தண்ணீருக்குள் இறங்கும் எஞ்சினின் கீழ்ப்பகுதி நன்றாக மூழ்கும்படி ஒரு நீல டிரம்மில் நன்னீர் நிரப்பி, கியரில் போடாமல் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக ஓட்டவேண்டும். ஒரு நிமிடத்தில் நிறுத்தினால் பயனில்லை, தெர்மோஸ்டாட் சூடாகித் திறந்த பிறகுதான் நீர் உள்ளறைகளுக்கு முழுதாகப் போகும். தண்ணீர் இல்லாமல் சும்மா ஓட்டிப் பார்க்கவே கூடாது. தண்ணீரை இழுக்கும் ரப்பர் இம்பெல்லர் கருகிவிடும். படகைத் தள்ளும் விசிறியைக் கழற்றி, ஷாஃப்டில் தங்கூசி (மீன்பிடி நைலான்) நரம்பு சுற்றியிருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். அது சீலை அறுத்தால் கியர் ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்துவிடும். பேட்டரி முனைகளைத் துடைத்து வாசலின் தடவிவிட்டால் மின்சாரப் பக்கம் பெரும்பாலும் முடிந்தது.

திரும்பவும் ஏரிக்குப் போகுமுன் இன்னொரு சோதனை உண்டு. எண்ணூர், பழவேற்காடு பகுதியில் மீனவர்கள் 'காக்கா ஆழி' என்று அழைக்கும் அந்நிய மட்டி இறால் பிடிப்பையே பாதிக்குமளவுக்குப் பரவியிருக்கிறது. உப்பு மிகக் குறைந்த தண்ணீரிலும் அது தாக்குப்பிடிக்கும். சுத்த நன்னீர் ஏரியில் அது வளராமல் போகலாம், ஆனால் படகின் அடியில் தேங்கிய தண்ணீரில் வேறு என்னென்ன வருகிறது என்று யார் கண்டது? திசை மாறினாலும் இதே கதைதான். ஏரியிலிருந்து கிளம்பும் படகில் ஒட்டியிருக்கும் ஆகாயத்தாமரைத் துண்டு கழிமுகத்தின் நன்னீர்ப் பக்கத்தில் வேர் பிடிக்கும். அடி அடைப்பைக் கழற்றி, முன்பக்கத்தை உயர்த்தி, தண்ணீர் முழுக்க வடிந்த பிறகு சில நாள் திறந்தபடி வெயிலில் விடுங்கள். உப்பு விஷயத்தில் உதவாத வேலூர் வெயில் இந்த வேலைக்கு நன்றாகவே உதவும்.