மூலைமட்டம்: கடைக்கால் நூலுக்குள் ஒரு முக்கோணம்

கடைக்கால் தோண்டும் முன் மேஸ்திரி முளை அடித்து நூல் கட்டுகிறார். மூலையிலிருந்து ஒரு நூலில் 3 அடி, மற்றதில் 4 அடி அளந்து குறி வைக்கிறார். குறிகளுக்கு இடையே 5 அடி வந்தால் மூலைமட்டம் சரி. கோணமானி இல்லாமலே 90° கிடைத்துவிடுகிறது.

மூன்று பக்கங்களின் நீளம் முடிவானால் அந்த அளவுக்கு ஒரே ஒரு முக்கோணம்தான் உண்டு, கோணம் அசைய இடமில்லை. 3-ன் வர்க்கம் 9-ம் 4-ன் வர்க்கம் 16-ம் கூடினால் 5-ன் வர்க்கம் 25. ஆகவே 5 அடிக்கு எதிரே செங்கோணம். பள்ளியில் படிக்கும் பிதாகரஸ் தேற்றம் செங்கோணத்திலிருந்து நீளத்துக்குப் போகும். மேஸ்திரி பிடிப்பது அதன் மறுதலை: நீளத்திலிருந்து செங்கோணத்துக்கு.

நாற்கரத்துக்கு இந்த உறுதி கிடையாது. 30-க்கு 40 அடி வீட்டில் நான்கு பக்கமும் அளவு மாறாமலே சாய்ந்து இணைகரமாகிவிடலாம். இணைகரத்தில் அடுத்தடுத்த இரு கோணங்கள் சேர்ந்து 180° என்பதால், ஒரு மூலை 90.5° ஆனால் பக்கத்து மூலை 89.5°. இந்த அரை டிகிரி கண்ணுக்குத் தெரியாது. மூலைவிட்டம் காட்டிக்கொடுக்கும்: இரண்டும் 50 அடி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று 50 அடி 2½ இன்ச், மற்றது 49 அடி 9½ இன்ச்.

அரை டிகிரி பிசகு வருவது மிகச் சுலபம். 3-4-5 அடியில் டேப்பு கால் இன்ச் தவறினாலே போதும். 40 அடிச் சுவரின் கடைசியில் அது 4 இன்ச்சுக்கு மேல் விலகும். அதே கால் இன்ச் 12-16-20 அடி முக்கோணத்தில் தவறினால் விலகல் ஏறக்குறைய 1 இன்ச்தான். இடம் இருக்கும்வரை முக்கோணத்தைப் பெரிதாக்குங்கள்.

கடலூர் தேவனாம்பட்டினம் போன்ற மணல் பூமியில் குட்டை முளை நூலின் இழுப்புக்கே சாயும். 2 அடி நீள முளையை ஆழமாக அடித்து, தலையில் ஆணி வைத்து, ஆணியிலிருந்தே அளக்க வேண்டும். டேப்பைத் தரைச் சரிவோடு பிடிக்கக் கூடாது: 20 அடியில் 1 அடி இறக்கம் இருந்தால் 0.3 இன்ச் போய்விடும். இரு முனையும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும், டேப்பு தொய்யாமல் இருக்கட்டும்.

மனை எல்லையை நம்பி நூல் கட்டுவது இன்னொரு தவறு. புதுச்சேரி ஒயிட் டவுனில் தெருக்கள் ஏறக்குறைய நேர்குத்தாக வெட்டிக்கொள்கின்றன. எல்லா ஊர் மனையும் அப்படிப் பிரிக்கப்பட்டதல்ல. ஒரு பக்கத்தை மட்டும் எல்லைக்கு ஒத்து வைத்து, மற்றதை முக்கோணம் காட்டும் திசையில் இழுங்கள். இல்லாவிட்டால் கோணல் தரையில் டைல்ஸ் ஒட்டும்போதுதான் தெரியும்: சுவரோரக் கடைசி வரிசை ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் ஒடுங்கியும் நிற்கும்.

தோண்டும்போது மூலை முளைகள் போய்விடும். அதனால் நூலை 3 அடி வெளியே நீட்டி அங்கும் முளை அடித்து வையுங்கள். பேஸ்மட்டம் எழும்பியதும் அவற்றில் நூலைத் திரும்பக் கட்டி, இரண்டு மூலைவிட்டத்தையும் மறுபடி அளந்த பிறகே சுவரைத் தொடங்க வேண்டும்.